அறைக்குள் நெருப்பு

பல்கலைக்கழக ஹாஸ்டல் அறையில், யூதர்களின் ஹனுக்கா பண்டிகை மெழுகுவத்திகளை அவிவா ஜன்னலோரம் ஏற்றி முடித்த நேரம், கதவு தட்டப்பட்டது.

“வார்டன்டி! நெருப்பு வெச்சா ஹாஸ்டலை விட்டே துரத்திடுவார்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!” அறைத்தோழி பிரென்னா கிசுகிசுத்தாள்.

வார்டன் தீயணைப்பு சிலிண்டரும் கையுமாக நுழைந்தார். “ஜன்னல்ல தீ தெரியுதுன்னு போன் வந்தது.”

“இதோ அணைச்சிடறேன் சார்.” அவிவா குனிந்தாள்.

“ஊதாதே!”

அவர் ஜன்னலருகே போய் விரல்விட்டு எண்ணினார். “மத்ததை ஏத்தி விடற மெழுகுவத்தியை விட்டா, அஞ்சுதான் இருக்கு?”

“நாளுக்கு ஒண்ணு கூட்டணும் சார். நேத்து பரீட்சைக்குப் படிச்சதுல ஏத்தலை. அதான் இன்னிக்கு அஞ்சு.”

“நீ மறந்துட்டா பண்டிகை உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? இன்னிக்கு ஆறாம் நாள். வீட்டுல இதைக்கூடச் சொல்லித் தரலையா?”

அவிவா விழித்தாள். “சார்... நீங்களும்...?”

“முதல்ல ஏத்து.”

ஏற்றினாள். வார்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு, சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“தானா அணையற வரைக்கும் இங்கேயிருந்து நகர மாட்டேன். ரூல்னா ரூல்தான்.”