தட்டினால் திறக்காது

"எனக்குத் திறக்குதுடி. உனக்குத்தான் திறக்க மாட்டேங்குது!"

அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"எங்க, வந்து திறந்து காட்டு பாப்போம்."

"கை ஈரமா இருக்கு. நீயே பாரு."

மகள் நம்பவில்லை. அம்மாவுடைய போனின் முகப்புத் திரையில் மூன்று ஃபோல்டர்கள். 'பிள்ளைங்க', 'மருந்து', 'அரட்டை'. பெயர் வைத்தது, அடுக்கி வைத்தது எல்லாம் அப்பா. எதைத் தட்டினாலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் கிடந்தது.

"ஒரு அவசரம்னா எனக்கு போன் பண்ண, நீ 'பிள்ளைங்க'குள்ளதானே போகணும்? அப்பாவும் போயிட்ட வீட்டுல உன்னைத் தனியா இப்படி விட்டுட்டு நான் எப்படி ஊருக்குக் கிளம்பறது?"

"நேத்து வந்ததிலேர்ந்து கிளம்பறேன் கிளம்பறேன்னு பறக்கற. போன் எப்படி உன்னை மதிக்கும்?"

அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதே வேகத்தில் உள்ளே திரும்பினாள்.

"என்னம்மா இது, அரைக் கப்? பாலுக்குப் பஞ்சமா?"

"முழுசாக் குடிச்சா உனக்குத் தூக்கம் வராது."

"காலங்காத்தால யாரும்மா தூங்கப் போறா?"

மகள் போனை அணைத்துப் போட்டாள். முகப்புத் திரையை நடத்தும் லாஞ்சர் செயலியை அப்டேட் செய்தாள். தேங்கிக் கிடந்த குப்பையையெல்லாம் அழித்தாள். செட்டிங்ஸுக்குள் போனால் போன் சொன்னபடி கேட்டது. முகப்புத் திரைக்கு வந்தால் மட்டும் ஊமை. எரிச்சலில் டக் டக்கென்று தட்டினாள்.

"டைப்ரைட்டரையே நான் இப்படி அடிச்சதில்லடி" என்றாள் அம்மா. கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். விரல் விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு.

"இந்த லாஞ்சரே வேணாம்மா. அழிச்சுட்டு வேற போடறேன்."

"தொட்டியோ, தெரியும் சேதி! உங்கப்பா உக்காந்து உக்காந்து அடுக்கினது அது."

அந்தக் குரலுக்குப் பயந்து, மகள் லாஞ்சரின் செட்டிங்ஸை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அடியில் ஒரு வரி: 'விரலை ஊன்றித் தொட்டால் மட்டும் ஏற்கவும். அடுத்தடுத்த தட்டல்களைப் பொருட்படுத்த வேண்டாம்.'

"அட அப்பா! தெரியாம எதையோ போட்டு வெச்சிருக்கார்."

அதை எடுத்துவிட்டுத் தட்டினாள். பட்டென்று திறந்தது.

"இந்தா, சரி பண்ணிட்டேன். தொட்டுப் பாரு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டாள்.

ஃபோல்டர் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. மகளின் கைப்பைக்குள் போன் அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது.

அப்போதுதான் மகள் அம்மாவின் விரலைப் பார்த்தாள். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல், அது கண்ணாடிமேல் தன்னாலே தட்டிக்கொண்டிருந்தது.

அம்மா கையை மடக்கி மறைத்துக்கொண்டாள். முகம் வாடிவிட்டது.

"நடுக்கம் குறைஞ்சுட்டே வருதுன்னாரேடி உங்கப்பா. 'பாரு, போன்கூட உன் கைக்குக் கட்டுப்படுது'ன்னு சொல்லிட்டே இருப்பாரே..."

மகளின் கண், தளும்பாதபடி ஊற்றியிருந்த அந்த அரைக் கப் காபிமேல் போனது. பிறகு போனை வாங்கிக்கொண்டாள்.

"இரும்மா. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்."

அப்பா போட்டு வைத்திருந்ததை அப்படியே திரும்பப் போட்டு நீட்டினாள். அம்மா தயங்கித் தயங்கி விரலை ஊன்றினாள். 'பிள்ளைங்க' ஒரே தடவையில் திறந்து, திறந்தபடியே நின்றது.

"அப்பவே சொன்னேன்ல?" அம்மாவின் முகத்தில் பழைய கர்வம் வந்துவிட்டது. "கோளாறு போன்லயும் இல்ல, என் கையிலயும் இல்ல. உன் கையிலதான்!"

"ஆமாம்மா, என் கைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, மகள் அந்த அரைக் கப் காபியைச் சொட்டு விடாமல் குடித்தாள்.