மூன்றாவது நட்டு

என் கணவர் கோபிநாத் கடைசியாக என்னிடம் கேட்ட உதவி, லாரியில் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டிருப்பது. மறையூரில் விடிந்தும் பனி விலகவில்லை. பின்னால் வெல்ல மூட்டைகள் ஏற்றித் தார்ப்பாய் கட்டியாயிற்று. ஸ்டார்ட் செய்ததிலிருந்து எஞ்சின் விட்டுவிட்டு உதறுகிறது. கதவுக் கண்ணாடி கடகடக்கிறது. வெள்ளைப் புகை கரும்புத் தோட்டத்தின் பக்கம் போகிறது. அவர் பானட்டைத் திறந்து, டீசல் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குகிறார். தளர்த்தியதும் உதறல் கூடினால் அந்த சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். மூன்றாவது நட்டைத் தளர்த்துகிறார். சத்தம் மாறவில்லை. “டீசலைக் குடிச்சிட்டு சும்மா இருக்கிறவன் இவன்தான்,” என்கிறார். “அப்ப இன்னிக்குப் போகாதீங்க. சின்னாறு இறக்கத்துல எஞ்சின் அணைஞ்சா பிரேக் பிடிக்குமா?” “சூடானா சரியாயிடுவான். உங்க அண்ணன் மாதிரி, காப்பி குடிக்கிற வரைக்கும்தான் முறுக்கு.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை நிற்கிறது. நான் புகையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெல்ல உதறல் அடங்கிச் சத்தம் சீராகிறது. நான் இறங்க, அவர் ஏறிக்கொள்கிறார்.

மதியத்துக்குள் செய்தி வருகிறது. இறக்கம் தொடங்கும் முன்பே லாரியை ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருக்கிறார். மாரடைப்பு என்கிறார்கள். பின்னால் வந்த ஜீப்காரர் இறங்கி வந்து கதவைத் திறந்தபோதும் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்ததாம்.