கறுத்த புட்டி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு சின்னப் புட்டியின் கதை சொல்கிறேன். ஓடைத் தண்ணீரைச் சோதிக்கும் தன்னார்வக் குழுவில் பவளக்கொடியும் ஒருத்தி. மாதம் ஒருமுறை ஓடையில் இறங்கி, மருந்திட்ட கண்ணாடிப் புட்டியில் நீர் பிடித்து, அடுப்பங்கரை வெதுவெதுப்பில் வைப்பாள். கழிவு கலந்த நீரென்றால் மறுநாள் மை போலக் கறுத்துவிடும். இந்த மாதம் என்ன தோன்றியதோ, வீட்டுக் கிணற்று நீரையும் இன்னொரு புட்டியில் பிடித்தாள். பெயர் எழுதிவிட்டுத்தான் நீர் பிடிக்க வேண்டும். ஈரக் கையில் பேனா எழுதவில்லை; இடப்பக்கம் ஓடை, வலப்பக்கம் கிணறு, ஞாபகம் இருக்காதா என்று வைத்துவிட்டாள்.

காலையில் ஒன்று கறுத்திருந்தது.

"தீப்பெட்டி எடுக்கறப்ப நான்தான் ரெண்டையும் தள்ளி வச்சேன்," என்றார் கணவர் மாசிலாமணி. "எது எந்தப் பக்கம்னு யாரு பார்த்தா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறவ, உன் புட்டியில பேரு எழுதலியாக்கும்! ஓடைதான் கறுத்திருக்கும், விடு."

ஓடையே கறுத்திருக்கட்டும் என்று வாழ்நாளில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள் பவளக்கொடி.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அல்லி, கிணற்று நீர்க் குடத்தில் சொம்பை முக்கி வாயருகே கொண்டுபோனாள். பவளக்கொடியின் உள்ளங்கை சொம்பின் வாயை மூடியது.

"என்னம்மா? ஒரு மாசமா இந்தத் தண்ணியத்தானே குடிக்கிறேன்?"

கை விலகவில்லை.

உங்கள் வீட்டுக் குடத்தில் எந்நாளும் நல்ல நீரே நிறைந்திருக்கட்டும் கண்ணுகளா; அதைக் குடிக்கும் வயிறெல்லாம் குளிரட்டும்.