இசக்கியம்மாளின் வலது கால்

மல்யுத்தத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள், கடைசிப் போட்டி முடிந்ததும் ஷூவைக் கழற்றி விரிப்பின் நடுவில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வெளியேறுவார்கள். மூன்றாவது ஒலிம்பிக்கிலும் வெறுங்கையோடு நின்ற இசக்கியம்மாள், நடுவர் எதிராளியின் கையை உயர்த்தியதும் அங்கேயே உட்கார்ந்தாள். இந்த முறை ஒரே ஒரு புள்ளியில் வெண்கலம் போயிருந்தது. முப்பத்து நான்கு வயதாகிவிட்டது, இனி போதும் என்று முந்தின நாளே பயிற்சியாளர் ரெஜினாவிடம் சொல்லியிருந்தாள்.

இடது ஷூ எளிதாக வந்துவிட்டது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வலது ஷூவின் முடிச்சு இறுகிக் கிடந்தது. வீங்கிய விரல்களால் அதை நெகிழ்த்த முடியவில்லை. அவளை வென்ற பத்தொன்பது வயதுப் பெண் கண்கலங்கி வந்து, உதவுவதற்காகக் குனிந்து அவள் கணுக்காலை நோக்கிக் கையை நீட்டினாள். இசக்கியின் கால் சட்டென்று பின்னால் பாய்ந்தது. எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முழங்காலை மடக்கி, இரு கைகளையும் முன்னால் வைத்து, சண்டைக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். கைதட்டல் அடங்கியது. அந்தப் பெண் பயந்து விலகினாள்.

இசக்கி கழற்றிய ஷூவை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கி வந்தாள்.

"என்ன இசக்கி, வச்சிட்டு வரலையா?" என்றாள் ரெஜினா.

இசக்கியால் உட்கார முடியவில்லை. இங்குமங்கும் நடந்தாள்.

"அந்தப் பொண்ணு என் காலுக்குக் குனியும்போது இடது தோளத் தாழ்த்திக்கிட்டு வந்தா, அக்கா. மேட்ச்லயும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வந்திருக்கா. நான் இப்பத்தான் பாத்தேன்."