ஓண ஊஞ்சலும் ஒரு மாவிலையும்

மாமரத்தடியில் இருப்பவர்கள் மூன்றே பேர்: மாதேவன் பிள்ளை, அவர் தங்கை நீலம்மை, இன்று பெண் பார்க்கப்படவிருக்கும் மகள் உமையாள். ஆரல்வாய்மொழியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எந்த நேரமும் வந்துவிடலாம். பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரியலைத் தோளில் போடுகிறார், எடுக்கிறார், சாலையைப் பார்க்கிறார். ஓணத்துக்குக் கட்டிய ஊஞ்சல் காற்றில் அசைந்து அவர் முழங்காலைத் தட்டுகிறது.

“அண்ணே, சின்னதுல ஆடிப்போயி அந்த உச்சிக்கொம்பு இலையைப் பல்லால கடிச்சிட்டு வருவீரே. இப்பம் ஒமக்கு எட்டாது,” என்கிறாள் நீலம்மை.

“ஏட்டி, சும்மா கிட. ஆளுவ வார நேரம்.”

“அத்தே, அப்பாவுக்குப் பயம்,” என்று உமையாள் சிரிக்கிறாள்.

கயிறு உறுதியா என்று பார்க்கத்தான் பிள்ளை பலகையில் ஏறி நிற்கிறார். ஓர் உந்து உந்துகிறார். பிறகு இன்னொன்று. வேட்டி படபடக்கிறது, கொம்பு கிறீச்சிடுகிறது, வெயிலும் நிழலும் முகத்தில் மாறிமாறி விழுகின்றன. வாசலில் வில்வண்டி மணி கேட்கிறது. அவர் நிறுத்தவில்லை, இலைக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

வந்தவர்களைக் கண்டு பதறி விழுந்தார் என்று வடசேரிச் சந்தையில் சொல்கிறார்கள். அவர் விழவில்லை. பல்லில் இலையோடுதான் இறங்கினார். அதை வாயிலிருந்து எடுத்த பிறகே “வாருங்க” என்றார்.