காத்துக் கணக்கு

"கையெழுத்துப் போடு யேசு. அஞ்சு மணிக்குள்ள ஃபாரத்த செக்ரட்டரி கையில குடுக்கணும்."

அத்தாவுல்லா இதை நாலாவது தடவையாகச் சொன்னான். யேசுதாஸ் அந்தக் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. அவன் மனைவி பிலோமி வைத்துவிட்டுப் போன டீ இருவருக்கும் நடுவில் ஆறிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்கள், ராயபுரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், ரைஃபிள் கிளப்பாரோடு எண்ணூர் மணலில் போய்க் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். தொள்ளாயிரம் கஜத்துக்கு அப்பால் நம்பர் போட்ட போர்டுகள் வரிசையாக நிற்கும். குண்டு அங்கே போய்ச் சேர இரண்டு விநாடிகூட ஆகாது. ஆனால் அதற்குள் கடல் காற்று அதை ஓர் ஆள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தள்ளிவிடும். எவ்வளவு தள்ளும் என்று கொடி பறப்பதைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கில் யேசுதாஸை மிஞ்ச ஆள் கிடையாது என்று கிளப் முழுக்கப் பேச்சு. பேசி என்ன பிரயோஜனம், எல்லாம் ஒரே ஒரு குண்டில் கெட்டுப்போனது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், டெல்லிப் போட்டிக்கு ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்த நாள் அது. உச்சி வெயில், மணலெல்லாம் கானல். வரிசையாகப் பத்துப் பேர் சுட்டதில் காதே அடைத்துப்போயிருந்தது. கடைசிக் குண்டு வரைக்கும் யேசுதாஸும் அத்தாவுல்லாவும் சரிக்குச் சரி. அடுத்தடுத்துத்தான் படுத்திருந்தார்கள். கடைசிக் குண்டுக்கு அத்தாவுல்லாவின் போர்டில் வெள்ளைத் தட்டு ஏறியது. நட்டநடுவில் பட்டது என்று அதற்கு அர்த்தம். யேசுதாஸின் போர்டுக்கோ சிவப்புக் கொடியை ஆட்டினார்கள். குண்டு போர்டில் எங்குமே படவில்லை.

அத்தாவுல்லா டெல்லிக்குப் போனான். யேசுதாஸ் அன்றிலிருந்து ரைஃபிளைத் தொடவில்லை.

அப்படியும் சிநேகிதம் மட்டும் விட்டுப்போகவில்லை. அதற்கு அத்தாவுல்லாதான் காரணம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் நேரே யேசுதாஸ் வீட்டுக்குத்தான் வருவான். பிலோமிக்குப் பிரசவம் சிக்கலானபோது ரிக்‌ஷா பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே இரண்டு நாள் கிடந்தவன் அவன். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று பிலோமி வாய் ஓயாமல் சொல்வாள். இப்போதும் கிளப் செக்ரட்டரியை விடாமல் நச்சரித்து, இந்த வருஷத்து டெல்லித் தேர்வுக்கான இந்த ஃபாரத்தை வாங்கி வந்தவன் அவன்தான். நாற்பது வயது ஆகிவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். யேசுதாஸுக்கு வருகிற மாதம் நாற்பது. இதை விட்டால் இந்த ஜென்மத்தில் டெல்லி இல்லை.

"சும்மா பேஜாரு பண்ணாத பாய்," என்றான் யேசுதாஸ். "அன்னிக்கு நான் போட்ட காத்துக் கணக்குல மயிரிழை தப்பு இல்லன்னு நெனச்சேன். போர்டையே தொடலன்னுட்டான். அதுலேர்ந்து கிரேன்ல மூட்ட எறக்கசொல்லகூட என் கண்ண நானே நம்புறதில்ல."

மூன்று வருஷமாக அவனுக்கு இதே நினைப்பு. காற்று சட்டென்று படுத்துவிட்டதா, கொடியைப் பார்த்ததே தப்பா என்று எப்படியெல்லாமோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டான். எந்தக் கணக்குக்கும் அந்தக் குண்டு பிடி கொடுக்கவில்லை. தனக்கு வராத வித்தையை வந்ததாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் அவனை அரித்துத் தின்றது.

உள்ளேயிருந்து வந்த பிலோமி, நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், இனி நீங்கள்தான் அண்ணே ஏதாவது சொல்ல வேண்டும் என்றாள். அத்தாவுல்லா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மணி நாலரை ஆகியிருந்தது.

யேசுதாஸ் ஃபாரத்தை அவன் பக்கமாகத் தள்ளினான்.

"அந்தக் குண்டு எங்க பூட்ச்சுன்னு யாராச்சும் ஒருத்தன் சொல்லட்டும். இப்பவே போட்றேன் கையெழுத்து."

அத்தாவுல்லா எழுந்து வாசல்வரை போனான். போய்விடத்தான் நினைத்தான். பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். அவன் குரல் அவனுக்கே கேட்காத மாதிரி இருந்தது.

"அது எங்கயும் பூடல யேசு. உன் கணக்கு கரீட்டுதான். கானல்ல போர்டு நம்பரத்தான் மாத்திப் பாத்துட்ட. என் போர்டு நடுவுல பூந்தது உன் குண்டு. என் தோட்டா நமுத்துப் பூட்ச்சு, அன்னிக்கு என் துப்பாக்கி வெடிக்கவே இல்ல."