உள்பக்கத்தில் ஒரு பொட்டு

அட்டையில் குங்குமம் ஒட்டவில்லை.

கறுப்பு ரெக்சின் அட்டை. சந்தனம் வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஆயுத பூஜைக்கு நடுவீட்டில் வாழையிலை விரித்திருந்தோம். ஓரத்தில் என் ஸ்பேனர்கள், அரிவாள்மனை, கத்தரிக்கோல். பக்கத்தில் மகனின் பைலட் தொப்பி. நடுவில் அவனுடைய லாக் புக். லைசென்ஸ் வாங்குவதற்காக அவன் பறந்த இருநூறு மணி நேரமும் அதில்தான் இருக்கிறது.

“மச்சான், அட்டையில ஒட்டலேன்னா உள்ள ஒரு பக்கத்துல வைங்க. சூடம் அணையப் போவுது” என்றான் முத்துவீரன்.

முத்துவீரன் என் மனைவியின் தம்பி. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் முக்கில் என் மகன் பேரில் ‘கேப்டன் விக்னேஷ்வரன்’ என்று பிளெக்ஸ் கட்டியிருப்பவன். அதில் விமானத்தைவிட முத்துவீரனின் மீசை பெரிது.

“உள்ள வேண்டாம் மாமா. அது ஆபீஸ் ரெக்கார்டு.” விக்னேஷ் கொஞ்சம் வேகமாகச் சொன்னான்.

“ஏலே, சரஸ்வதி வந்து உக்காரதுக்கு உங்க ஆபீஸ்ல லெட்டர் வாங்கணுமோ?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் பிரித்தேன்.

நான் பாய்லர் ஆபரேட்டர். பேண்டேஜ் துணி வெளுக்கிற மில்லில் இருபத்தெட்டு வருஷம். மணிக்கு ஒரு தடவை அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். தேதி, நேரம், அளவு என்று கட்டம் போட்டிருந்தால் என் கண் அதைத் தாண்டிப் போகாது.

விரிந்தது பிப்ரவரி மாதத்துப் பக்கம்.

பிப்ரவரி 3, என் மனைவி அழகுத்தாய் இறந்த நாள். மறுநாள் காலையில் வந்து சேர்ந்து கொள்ளி வைத்த விக்னேஷ், காரியம் முடித்து 19-ஆம் தேதி சாயங்காலம்தான் பயிற்சிக்குத் திரும்பிப் போனான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டது நான்.

இடைப்பட்ட நாட்களில், லாக் புக்கில் பத்து வரிகள் இருந்தன.

கூட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு மணி, இருபது நிமிஷம். எல்லாமே ஆசிரியர் கூட இல்லாமல் தனியாகப் பறந்ததாக. வரிக்கு வரி ஒரு கையெழுத்து, ஒரு சிவப்பு வட்ட முத்திரை.

கடைசி வரி பிப்ரவரி 18. காலை 9.05 முதல் 11.35 வரை.

அன்று பதினாறாம் நாள். ஒன்பது மணிக்குமேல் என்று காரியக் கார்டில் அச்சடித்திருந்தோம். ஒன்பது ஐந்துக்கு அவன் இதே நடுவீட்டில், இப்போது இலை கிடக்கிற இடத்தில், மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் என்ற முறையில் முத்துவீரன் அந்தத் தலையில் உருமால் கட்டிக்கொண்டிருந்தான்.

அதே நேரத்தில் அவன் வானத்தில் இருந்திருக்கிறான்.

அம்மாவின் காரியச் சோற்றைத் தின்றுகொண்டே இரண்டரை மணி நேரம் பறந்திருக்கிறான்.

காலையில் கரைத்த சந்தனம் புளித்துப்போய் நாறியது. சுண்டல் வாடை, சூடப் புகை, முத்துவீரன் மேலிருந்த சென்ட்டு. எல்லாம் ஒன்றாகக் கலந்து அடித்தது. சுவரில் அழகுத்தாய் போட்டோவுக்குப் போட்டிருந்த மாலையை யாராவது கழற்றிவிட்டால் தேவலை என்று இருந்தது.

வியாழக்கிழமை அவன் விமானக் கம்பெனியில் சேர வேண்டும். சில மாதங்களில் அவன் முதுகுக்குப் பின்னால் நூற்றெண்பது பேர் பெல்ட் போட்டு உட்காருவார்கள். அவன் இருநூறு மணி நேரம் பறந்தவன் என்று நம்பி உட்காருவார்கள்.

நான் இப்போது வாயைத் திறந்தால் அது நடக்காது.

“பதினெட்டாந்தேதி நீ எங்கலே இருந்தே?”

மற்றவர்கள் காதில் விழாமல்தான் கேட்டேன். விக்னேஷ் பூ எடுக்கிற மாதிரி குனிந்தான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“எல்லாரும் எழுதுறதுதான்” என்றான்.

பளாரென்று அறைய வேண்டும் போலிருந்தது. புத்தகத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டப் போனேன். அப்போதுதான் அந்த எட்டு கண்ணில் பட்டது.

பதினெட்டின் எட்டு. ஒரே இழுப்பில் போட்டதல்ல. இரண்டு சுழியைத் தனித்தனியாகப் போட்டு ஒட்டவைத்த எட்டு.

அந்த எட்டை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லுக்கு எனக்குச் சோறு கொண்டுவருவான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. சாப்பிட்டுவிட்டு நான் பாய்லருக்குப் பின்னால் துண்டை விரிப்பேன். கண்ணை மூடுவதற்கு முன்னால் லாக் ஷீட்டையும் பேனாவையும் அவன் கையில் கொடுப்பேன். மூன்று மணிக்கு எட்டு, நாலு மணிக்கு எட்டு, ஐந்து மணிக்கு எட்டு என்று ஷிப்ட் முடிகிறவரைக்கும் நிரப்பி வைப்பான். கட்டத்துக்கு வெளியே ஒரு சுழிகூடப் போகாது. நான் எழுந்து கையெழுத்துப் போடுவேன்.

ஒரே ஒரு தடவை கேட்டான். “முள்ளப் பாக்க வேண்டாமாப்பா?”

அன்றைக்கு நான் சொன்ன பதிலில் ஒரு எழுத்தைக்கூட இன்றைக்கு அவன் மாற்றவில்லை.

“என்ன மச்சான், பூராத்தையும் படிச்சு முடிச்சிட்டுத்தான் வைப்பீகளோ?”

விரலில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கிண்ணத்தில் இன்னொரு தடவை தோய்த்து, பதினெட்டாம் தேதியின் மேல் அழுத்தி வைத்தேன். அதன்மேல் குங்குமம்.

முத்துவீரன் மணியடித்தான்.